கழுவிப் போடும் ஏர் ஃபில்டரா, பேப்பர் ஃபில்டரா? என்ஜின் தேய்மானத்தை வைத்து ஓர் அலசல்

கழுவித் திரும்ப மாட்டும் பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டரை வாங்குபவர்கள் பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள்: பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், என்ஜினுக்கு நல்லது. முதல் இரண்டையும் சீக்கிரமே பார்த்து முடித்துவிடலாம். மூன்றாவதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்மானம்தான் உங்கள் கவலை என்றால் பேப்பர் ஃபில்டர்தான் என் தேர்வு, என் காரில் இருப்பதும் அதுதான். கழுவும் வகையில் பரவலாக இருக்கும் எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர் மோசமான பொருள் என்பதால் அல்ல. அதைச் சரியாகப் பராமரிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைப் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை என்பதால்.

பவர் கணக்கு எளிது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஃபில்டரின் தடை 1 கிலோபாஸ்கல் குறைந்தால் உள்ளே போகும் காற்று கூடுவது ஏறக்குறைய ஒரு சதவீதம்தான், அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து உயர் ஆர்பிஎம்மில் ஓடும்போது மட்டும். மற்ற நேரத்தில் பெட்ரோல் என்ஜினில் காற்றை மறித்து நிற்பது ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் திராட்டில் தகடு. அதற்கு முன்னால் ஃபில்டரின் தடை ஒரு பொருட்டே இல்லை. மைலேஜும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட மைலேஜைக் கணிசமாகக் கெடுக்கவில்லை, வேகமெடுப்பதைத்தான் மந்தமாக்கியது என்று காட்டியது. அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தொடவில்லை என்றால், நல்ல பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு இன்னும் திறந்த ஃபில்டரை மாட்டி மைலேஜ் கூட்ட வழியே இல்லை.

தூசு என்ஜினுக்குள் என்ன செய்கிறது

சாலைத் தூசின் பெரும் பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிகா. மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பை அது தாராளமாகக் கீறும். பெரிய மணல் துகள் எந்த ஃபில்டரிலும் நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆபத்தானது ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள துகள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். என்ஜினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உட்சுவர்) நடுவே, பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் தடிமனும் பெரும்பாலும் இந்த அளவோ இதற்கும் குறைவோதான். படலத்தைவிடச் சற்றுப் பெரிய துகள் இரண்டு பரப்புகளையும் ஒரே நேரத்தில் தொடும். தொட்ட இடமெல்லாம் கீறல்.

முதலில் அடிபடுவது மேல் ரிங்கும், அது திரும்பும் இடத்தில் உள்ள லைனர் பகுதியும். ஆயிலைப் பிடித்து வைக்கும் குறுக்குக் கோடுகள் அங்கே மழுங்கும். பிறகு பிஸ்டனுக்கு மேல் அழுத்தப்பட்ட வாயு கசிந்து, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும், என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்த துகளில் ஒரு பகுதியை ஆயில் ஃபில்டர் பிடிக்கும், மீதி பேரிங் வரை சுற்றும். டர்போ உள்ள என்ஜினில் கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கை முனைகளும் அரிக்கப்படும். டீசலுக்கு இன்னொரு பாதகம் உண்டு: வேலைக்குத் தேவையானதைவிட அதிகக் காற்றை அது எப்போதும் இழுக்கும், ஆகவே அதே லிட்டர் எரிபொருளுக்கு அதிகத் தூசும் ஃபில்டருக்கு வந்து சேரும்.

எண்களை எப்படிப் படிப்பது

ஃபில்டரின் பிடிதிறனை அளக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அளவு தெரிந்த சோதனைத் தூசைக் காற்றோடு ஊட்டி, ஃபில்டர் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு விட்டது என்று எடை போடுவார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்தைத் தாண்டும். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர்களுக்கு 96 முதல் 99 வரை என்று வரும். 99-க்கும் 97-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பிடித்ததைப் பார்க்காதீர்கள், விட்டதைப் பாருங்கள். ஒன்று விட்டது 1, இன்னொன்று விட்டது 3. மூன்று மடங்கு தூசு உள்ளே போகிறது.

ஆனால் மூன்று மடங்கு என்ற சொல்லே ஒருவரை அளவுக்கு மீறிப் பயமுறுத்தவும் கூடும், அதனால் கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும், அதாவது சுமார் 9 கனமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 15,000 கிலோமீட்டருக்கு 9,000 கனமீட்டர் காற்றை விழுங்கும். தார்ச் சாலையில் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் தூசு என்று வைத்துக்கொண்டால் ஃபில்டரை வந்தடைவது மொத்தம் 900 மில்லிகிராம். 99 சதவீத ஃபில்டர் 9 மில்லிகிராமை விடும், 97 சதவீத ஃபில்டர் 27 மில்லிகிராமை விடும். இரண்டுமே சொற்பம். அந்த வித்தியாசம் என்ஜினின் ஆயுளில் கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்பட வாய்ப்புக் குறைவு.

இப்போது அதே காரை மண் சாலையில், முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்குள் ஓட்டுங்கள். அங்கே கனமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்று கொண்டால்கூட, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி வெறும் 100 கிலோமீட்டரில் அதே 900 மில்லிகிராமை ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடும். 15,000 கிலோமீட்டரில் வர வேண்டிய தூசு ஒரு நாளில் வந்துவிட்டது. அங்கேதான் 99-க்கும் 97-க்கும் உள்ள இடைவெளி ரிங்கில் தெரியும். எந்த ஃபில்டர் என்ற கேள்விக்கு முன், எந்தச் சாலை என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். சோதனை அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: தொடக்கத் திறன், முழு ஆயுள் திறன். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. எந்த ஃபில்டரும் புதிதாக இருக்கும்போதுதான் அதிகம் விடும். பிடிபட்ட தூசு மேலே ஒரு படலமாகப் படிந்து, அடுத்து வரும் தூசை அந்தப் படலமே பிடிக்கத் தொடங்கும். கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கழுவுவது என்ற வேலையின் அர்த்தமே மாறிவிடும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஃபில்டர் அதன் பலவீனமான தொடக்க நிலைக்குத் திரும்புகிறது. பேப்பரும் மாற்றும்போது தொடக்கத்துக்குத்தான் போகிறது, ஆனால் அது தொழிற்சாலையில் அச்சுப் பிசகாமல் செய்த தொடக்கம். கழுவிய ஃபில்டரின் தொடக்கம் எண்ணெய் பூசும் கையைப் பொறுத்தது.

எல்லாம் எண்ணெயில் இருக்கிறது

காட்டன் ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடித்தால் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரியும். அதை மட்டும் பார்த்து அது ஓட்டை ஃபில்டர் என்று சொல்வது நியாயமில்லை. கம்பி வலைகளுக்கு நடுவே பல அடுக்குக் காட்டன் துணி, அதன் நார்களில் பிசுபிசுப்பான எண்ணெய். காற்று நாரைச் சுற்றி வளைந்து போகும், கனமான துகள் வளைய முடியாமல் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். இடைவெளி பெரிதாக இருந்தும் அது வேலை செய்வது இப்படித்தான். சிக்கல் சிறிய துகளில். அது காற்றோடு சேர்ந்தே வளைந்து போய்விடும். அதைப் பிடிக்க இருக்கும் ஒரே ஆயுதம் எண்ணெய், அந்த எண்ணெய் எல்லா மடிப்பிலும் ஒரே சீராக இருந்தாக வேண்டும். காற்று எங்கே தடை குறைவோ அங்கேதான் அதிகம் பாயும். எண்ணெய் படாத ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் போதும், தூசு அந்த வழியைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

சரியான முறை இது. முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த அழுக்கைத் தட்டிவிட வேண்டும். அதற்கென்று வரும் கிளீனரை இரு பக்கமும் அடித்து, காயவிடாமல் சுமார் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு மெதுவாக ஓடும் குளிர்ந்த நீரில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி அலச வேண்டும். திசையை மாற்றினால் அழுக்கு துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். நீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்து, நிழலில் தானாகக் காயவிட வேண்டும். ஒரு இரவாவது ஆகும், ஈரப்பதமான காலத்தில் ஒரு முழு நாள்கூட. காய்ந்த பின் ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு முறை எண்ணெய் ஓட்டி, 20 நிமிடம் ஊறவிட்டு, வெளுத்த இடங்களுக்கு மட்டும் தொட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணெயில் சிவப்பு அல்லது நீலச் சாயம் கலந்திருப்பதே இந்தத் திட்டுகள் தெரியத்தான்.

இதில் எங்கெல்லாம் தவறு நடக்கும் என்று பாருங்கள். அவசரத்தில் கம்ப்ரஸர் காற்றால் காயவைத்தால் காட்டன் நார்கள் விலகி நிரந்தர ஓட்டை விழும். ஹீட்டர் வெப்பம் காட்டனைச் சுருக்கும், ரப்பர் விளிம்பை இறுக்கும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ அலசினால் அதே விளிம்பு உப்பி, பெட்டியில் சரியாக உட்காராது. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று என்ஜின் ஆயிலை ஊற்றினால் அது நாரில் நிற்காமல் ஒரு வாரத்தில் அடிப்பக்கம் வடிந்துவிடும், மேல் பாதி உலர்ந்த வெறும் துணியாக நிற்கும். ஈரம் முழுக்கப் போகாமல் எண்ணெய் விட்டால் ஈரமிருந்த இடத்தில் அது ஏறாது. இவை எல்லாவற்றிலும் கார் வழக்கம்போலவே ஓடும். எந்த விளக்கும் எரியாது, எந்தச் சத்தமும் வராது. தூசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

அளவைச் சீராக வைக்க ஒரு வழி இருக்கிறது, தொடர்ந்து இதைப் பயன்படுத்துபவர்கள் அவசியம் செய்யலாம். கிராம் காட்டும் தராசில் முழுக்கக் காய்ந்த ஃபில்டரை எடைபோட்டுக் குறித்துவையுங்கள். எண்ணெய் ஊறிய பின் மறுபடி எடைபோடுங்கள். முதல் முறை சரியாக அமைந்த அந்த வித்தியாசத்தையே ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள். காய்ந்த எடையே முன்பைவிடக் கூடியிருந்தால் அழுக்கோ ஈரமோ இன்னும் உள்ளே இருக்கிறது.

எண்ணெய் அதிகமானால் வரும் தொல்லை வேறு. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் சூடான கம்பியில் அல்லது படலத்தில் எண்ணெய்த் துளிகள் படியும், அதன்மேல் தூசு ஒட்டும். கம்பியின் வெப்பம் வெளியேறாததால் சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், கலவை மெலியும். ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு திருத்தப் பார்க்கும். ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளில் செய்யும் திருத்தம், பிளஸ் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டுவது, பி0171 (கலவை மெலிவு) அல்லது பி0101 (மாஃப் கோளாறு) குறியீடு வருவது இதன் அடையாளங்கள். காற்றுக் கசிவிலும் பி0171 வரும் என்பதால் குழம்ப வேண்டாம். கசிவு என்றால் ஐடிலில் டிரிம் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறையும். சென்சார் அழுக்கு என்றால் பாரம் ஏற ஏற டிரிம்மும் ஏறும். மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பியை மட்டும் கையாலோ துணியாலோ தொடக்கூடாது. மாஃப் இல்லாமல் அழுத்த சென்சாரை மட்டும் நம்பி ஓடும் என்ஜின்களில் இந்தத் தொல்லை கிடையாது.

பேப்பரின் குறைகள்

பேப்பர் என்றால் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல வரவில்லை. ரெசின் ஊட்டிய அந்தத் தாள் தண்ணீரில் ஊறினால் தடை ஏறி வலு இழக்கும். வெள்ளத்தில் ஓடிய காரில் ஃபில்டரை உலர்த்தித் திரும்ப மாட்டக்கூடாது, தூக்கிப் போட வேண்டும். மலிவுப் போலிகளில் மடிப்பு எண்ணிக்கை குறைந்திருக்கும், விளிம்பு ரப்பர் கடினமாக இருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மடிப்பை எண்ணி, உயரத்தையும் விளிம்பின் தடிமனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பேப்பர் ஃபில்டருக்கு மனிதர்கள் செய்யும் பெரிய கெடுதல் காற்றடித்து மாட்டுவதுதான். சர்வீஸுக்குப் போன ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழற்றிக் கம்ப்ரஸர் காற்றை அடித்து வைப்பதை நல்ல பராமரிப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். கிட்டத்தில் பிடித்து அடிக்கும் அந்தக் காற்று, தாளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும், தூசைப் பிடித்துக்கொண்டிருந்த படலத்தையும் கலைத்துவிடும். கழற்றி மாட்டும்போது பெட்டியின் ஓரத்துத் தூசு சுத்தமான பக்கம் விழும் அபாயம் வேறு. தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டர் வரை அதைத் தொடாமல் விடுங்கள், புழுதிச் சாலை என்றால் அதில் பாதியில் மாற்றுங்கள். பேப்பருக்கு நான் சாய்வதன் மையமே இதுதான். அதை நன்றாக வைத்திருக்கத் தேவையான திறமை, கை வைக்காமல் இருப்பது மட்டும்.

எதை மாட்டினாலும் சீல் சரியில்லை என்றால் 99-ம் இல்லை, 97-ம் இல்லை. விளிம்பில் ஒரு மெல்லிய இடுக்கு இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும். மாற்றும்போது பெட்டியின் கீழ்ப்பாதியை வாக்வமால் உறிஞ்சுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள், காற்றால் ஊதாதீர்கள். ஃபில்டரைப் பள்ளத்தில் உட்காரவைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பார்த்த பிறகே மூடியை வையுங்கள். கிளிப் ஒன்று உடைந்திருந்தால் அந்த மூலை மெல்ல வாய் பிளக்கும். ஃபில்டருக்குப் பிந்தைய ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப் ஆகியவையும் அதே வேலையைச் செய்யும்.

சோதிக்க எளிய வழி, மறுமுறை திறக்கும்போது ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது. லேசான ஆயில் கறை இயல்பு, கிராங்க் கேஸ் வாயுவைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் பிசிவி வழியாக வருவது. விரல் நடுவே தேய்த்தால் நறநறவென்று மணல் பட்டால் கசிவு இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, ஃபில்டர் விளிம்பு ரப்பரைப் பாருங்கள். நன்றாக அழுந்திய இடத்தில் சுத்தமான கோடு நீளமாக ஓடும். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தூசு விசிறி உள்பக்கம் பரவியிருந்தால் கசிந்த மூலை அதுவே. கழுவும் ஃபில்டர்களின் சட்டம் காலப்போக்கில் சற்று வளையவும் வாய்ப்பு உண்டு, ஆகவே பல ஆண்டுகளாக ஒன்றையே மாட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஃபோமும் உலர் வகையும்

எண்ணெய் ஊட்டிய ஃபோம் ஃபில்டர் ஆழமாகத் தூசைத் தாங்கும், மண் பாதையில் ஓடும் பைக்குகளுக்கு அது பொருத்தம், அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி எண்ணெயிடுவதே வழக்கம். காருக்கு அதைப் போட்டுவிட்டு மறந்தால் எண்ணெய் காய்ந்து, ஃபோம் சில ஆண்டுகளில் பொடியாகி உதிரும். உதிர்ந்த துண்டு போகும் இடம் என்ஜின்தான்.

எண்ணெய் தேவைப்படாத உலர் சிந்தெடிக் வகை கழுவும் ஃபில்டர்களில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது. மாஃப் சென்சார் தொல்லை இல்லை, எண்ணெய் அளவு என்ற தலைவலியும் இல்லை. ஆனால் இந்தப் பெயரில் விற்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. சிலவற்றின் வடிகட்டும் பொருள் பேப்பருக்கு நெருக்கமான நுண்ணிய நார், சிலவற்றில் வெறும் கம்பி வலை மாதிரி. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஐஎஸ்ஓ 5011 அறிக்கையில் தொடக்கத் திறன் எண்ணையும் சேர்த்துத் தருபவர்களை மட்டும் கருத்தில் கொள்ளலாம்.

யாருக்கு எது

தார்ச் சாலையில் மட்டும் ஓடுபவர், மேலே சொன்ன முறையில் நிதானமாகக் கழுவி எண்ணெயிடத் தயாராக இருப்பவர், காட்டன் ஃபில்டரால் என்ஜினைக் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. பந்தயத்துக்கு ஓட்டி, என்ஜினை அவ்வப்போது பிரித்துப் போடுபவருக்கும் அது சரி. சரியான அளவில் நல்ல பேப்பர் ஃபில்டரே கிடைக்காத வண்டிக்கும் அதுவே வழி. புழுதிச் சாலை, டர்போ டீசல், சர்வீஸ் முழுவதையும் பிறர் கையில் விடுவது, இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் பேப்பரைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஏற்கெனவே கழுவும் ஃபில்டரை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் ஊகத்தை நம்பத் தேவையில்லை, ஆயில் சோதனை செய்துபார்க்கலாம். ஆயிலை மாற்றும்போது சூடான என்ஜினிலிருந்து, வடியும் ஆயிலின் நடுப்பகுதியில் மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பார்க்க வேண்டியது, தூசின் சிலிகாவில் உள்ள சிலிகான் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது, கூடவே அலுமினியம், இரும்பு, குரோமியம். சிலிகான் மட்டும் உயர்ந்திருந்தால் பதற வேண்டாம். சீலண்ட், கேஸ்கெட், ஆயிலில் சேர்க்கும் நுரை தடுப்பி ஆகியவற்றிலிருந்தும் அது வரும், புதிய என்ஜினிலும் அண்மையில் பிரித்துக் கட்டிய என்ஜினிலும் சகஜம். சிலிகானோடு அலுமினியமும் சேர்ந்து ஏறினால் அது மண். இரும்பும் குரோமியமும் கூடவே ஏறினால் லைனரும் ரிங்கும் தேய ஆரம்பித்துவிட்டன. ஒரே ஆயில், ஒரே கிலோமீட்டர் இடைவெளி, பேப்பர் ஃபில்டரோடு ஒரு முறை, கழுவும் ஃபில்டரோடு ஒரு முறை என்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கழுவிய பிறகு வரும் முதல் இடைவெளியின் மாதிரியைத் தவறவிடாதீர்கள், எண்ணெய் பூசியதில் குறை இருந்தால் அது அதில்தான் காட்டிக்கொடுக்கும்.